பாதை பிரியாத இடம்

"அந்தக் காட்டுக்குள்ளை ஏன் ஒரு குறியும் இல்லை?" என்று யோகச்சந்திரன் கேட்டார்.

சுகிர்தா பள்ளிக்கூடக் கொட்டிலில் சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அங்கை பாதை எங்கை பிரியுது?"

"எங்கையும் பிரியேல்லை."

"பிறகென்ன?"

அவள் மறுபடி சங்கிலியைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள்.

குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இத்துடன் விட்டுவிடலாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, முழங்கால்வரை சேறு. சீடருக்கு ஐம்பத்துநான்கு. இருபத்தாறு வருடம் பாரிஸில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் வெங்காயம் உரித்தவர்.

இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். சந்தித்தது பிரான்சின் நடுமலைப் பகுதியில், பெய்ராக் என்ற கிராமத்தில். அங்கே இவர்களைத் தவிரத் தமிழ் பேச ஓர் ஆளில்லை. பேச இரண்டு பேர் இருந்தும், ஒருத்தி பேசுவதில்லை.

பெய்ராக்கைச் சுற்றி மலைச் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கென்று ஒரு பாதை இருக்கிறது. முப்பத்திரண்டு கிலோமீற்றர். மாட்டுப் பண்ணைகள், கல்வீடுகள், பூட்டிய தேவாலயங்கள், காடு. கோடையில் நகரத்து ஆட்கள் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வழிதவறாமல் இருக்க மரத்திலும் கல்லிலும் சிவப்புக் குறி போட்டிருக்கும். ஒரு முக்கோணம், இரண்டு வட்டம். அந்தக் குறிகளைக் காப்பது சுகிர்தாவின் வேலை.

விதிகள் நாலே நாலு. பாதை பிரியும் முன் ஒரு குறி. பிரிந்து ஐம்பது மீற்றர் போனதும், சரியாகத்தான் வந்திருக்கிறாய் என்று சொல்ல இன்னொரு குறி. பிழையான வழியில் ஒரு சிலுவைக் கோடு. குறியே இல்லாவிட்டால் நேரே போ.

அவ்வளவுதான் சாத்திரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் பாடமாக்கிவிடும்.

அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு புதுப் பாதை போட சுகிர்தாவைக் கேட்டிருந்தார்கள். ஆகவே பெய்ராக் பாதைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊர்ச் சபை யோகச்சந்திரனை மூன்று மாதப் பயிற்சிக்கு எடுத்தது. ஈஸ்டருக்கு முன் சுகிர்தா ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் வேலையும் பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள அறையும் அவருக்கு. வைக்காவிட்டால் பாரிஸ் அறைக்குத் திரும்ப வேண்டும். அந்த அறையில் இறந்துபோன மனைவி பவளராணியின் குளிர்மேலங்கி நாலு வருடமாகக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதை எடுக்கவும் அவரால் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. அதனால்தான் இந்த வயதில் சைக்கிள்.

ஓட்டம் அவருக்கு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. விழுந்தார், எழும்பினார், பழகிவிட்டது. தண்ணீருக்குச் சவக்காலைக்குள், கல்லறைகளுக்கு நடுவே, போகச் சொன்னாள் சுகிர்தா. இந்த நாட்டில் சைக்கிள்காரர் போத்தல் நிரப்புவது அங்கேதானாம், எந்தச் சவக்காலையிலும் பூச்செடிக்கென்று ஒரு குழாய் இருக்குமாம். முதல் வாரம் தாகத்தோடு திரும்பி வந்தார். இரண்டாம் வாரம் குடித்தார். அதுவும் பழகிவிட்டது.

பழகாதது அந்தக் காடு.

சவக்காலை தாண்டியதும் தொடங்கும். நாலு கிலோமீற்றர், ஒரே ஏற்றம், ஒரே பாதை. இரண்டு பக்கமும் வழுவழுப்பான சாம்பல் நிற பீச் மரங்கள். சிலவற்றில் தேமல் மாதிரி ஒரு திட்டு. குளிர்காலத்தில் இலை இல்லை, பறவை இல்லை. சில்லு சருகில் உருளும் சத்தமும் தன் மூச்சும்தான்.

அரைவாசித் தூரத்தில் அவருக்கு நெஞ்சு அடைக்கும். வழி தவறிவிட்டது என்று தோன்றும். தவற இன்னொரு வழி அங்கே இல்லை என்பது தெரிந்தும் தோன்றும். இரண்டு தடவை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார். ஒருநாள் தன்னை அறியாமல் மரங்களைப் பார்த்து "இஞ்சேரும்" என்று கூப்பிட்டுவிட்டார். பவளராணியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை, இஞ்சேரும்தான். அன்றைக்குப் பாதையோரம் இருந்து அழுதார்.

இதையெல்லாம் சுகிர்தாவிடம் சொல்லவில்லை. குறி ஏன் இல்லை என்று மட்டும் கேட்டார்.

பிறகொரு நாள் வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் வந்த புதுசிலை அந்தக் காட்டுக்குள்ளை தனியப் போக ஒரு மாதிரி இருக்கேல்லையே?"

அவள் சில்லைச் சுழற்றிப் பார்த்தாள். வளைவு இல்லை. மறுபடி சுழற்றினாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், அகதி மனு கொடுத்த இருபத்தாறு வயதுப் பெண்ணை இந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதை அவருக்குச் சொன்னது ஊரில் பாண் சுட்டு விற்கும் கடைக்காரி.

மார்ச் மாதம் பனி கரைந்தது. குறிகள் மங்கியிருந்தன. சுகிர்தா அவரிடம் சிவப்புப் பெயின்ற் ரின்னையும் குறியின் வடிவம் வெட்டிய தகட்டையும் தூரிகையையும் கொடுத்தாள்.

"முழுப் பாதைக்கும் நீங்களே போடுங்கோ. தேவையான இடத்திலை."

"எது தேவையான இடம் எண்டு..."

"உங்களுக்குத் தெரியும்."

யோகச்சந்திரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அஞ்சு நாள் போட்டார். காட்டுக்குள் மட்டும் இரண்டு நாள். தனக்கு எங்கே மூச்சு அடைத்ததோ அங்கே ஒன்று, திரும்பிப் போக நினைத்த இடத்தில் ஒன்று, அழுத இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு, இடையிலும் எண்ணி எண்ணிப் பல. போட்டுவிட்டு ஒருமுறை ஏறிப் பார்த்தார். சிவப்புச் சிவப்பாக யாரோ கூடவே வருவதுபோல் இருந்தது. வாழ்க்கையில் இதைவிட நல்ல வேலை செய்ததில்லை என்று நினைத்தார்.

ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு சுகிர்தா தன் சைக்கிளை எடுத்தாள்.

"போட்ட குறியை ஒருக்கால் பாத்துக்கொண்டு வாறன்."

மூன்று மணி நேரப் பாதை. பன்னிரண்டாகியும் வரவில்லை. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. மாலை ஐந்தரைக்கு, தார் ரோட்டு வழியாக, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். தலையிலிருந்து கால்வரை தண்ணீர். முதுகில் மாட்டுச் சாணி.

யோகச்சந்திரன் துவாயோடு ஓடினார். "எங்கை போனீங்கள்?"

"குறி சொன்ன இடத்துக்கு."

"என்ன?"

"பண்ணைச் சந்தியிலை குறி இல்லை. இல்லாட்டி நேரை போகவேணும். போனன். அடுத்த பள்ளத்தாக்கு வந்திட்டுது."

பன்னிரண்டு வருடம் ஓடிய பாதை. கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துவிடுவாள். ஆனாலும் போயிருக்கிறாள்.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. காட்டைத் தாண்டியதும் பண்ணைச் சந்தி. வலது பக்கம் திரும்ப வேண்டும். குறி போட்ட அன்று அந்தச் சந்தியில் பண்ணைக்காரர் நின்றிருந்தார். காலையில்தான் ஒரு கன்று பிறந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூட்டிப்போனார். கோப்பி கொடுத்தார். உங்கள் நாட்டில் மாட்டுக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டார். லட்சுமி என்று இவர் சொன்னார். அந்த மனுஷன் நாலு தரம் சொல்லிப் பழகினார். காட்டில் தனியே இரண்டு நாளுக்குப் பிறகு இன்னொரு வாயிலிருந்து வந்த பேச்சு. அந்தக் குளிர்ச்சியில் யோகச்சந்திரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரியான பக்கம் திரும்பி, பாட்டுப் பாடிக்கொண்டு போய்விட்டார்.

வழி பிரியாத காட்டுக்கு இரண்டு நாள் குறி போட்டவர், பிரியும் சந்தியில் ஒன்றும் போடவில்லை.

அறைக்குப் போய்ப் பையில் உடுப்புகளை வைத்தார். அதிகம் இல்லை. மறுநாள் காலை பையோடுதான் கொட்டிலுக்கு வந்தார். ஊர்ச் சபைத் தாள் மேசையில் கிடந்தது, கையெழுத்து இடம் வெறுமையாக.

"எழுத வேண்டியதை எழுதுங்கோ தங்கச்சி. எனக்கு மனவருத்தமில்லை" என்றார். பொய். நிறைய இருந்தது.

சுகிர்தா பையைப் பார்த்தாள். பிறகு சுவர்த் தட்டிலிருந்து ஒரு ரின்னை எடுத்துக் கொடுத்தாள். சாம்பல் நிறம். பிழையாகப் போட்ட குறியை மூடுவதற்கு, மரத்தின் நிறத்திலேயே கலந்தது.

"காட்டுக்குள்ளை போட்டதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு வாங்கோ. ஒண்டும் விடாமல்."

தண்டனை என்றுதான் நினைத்தார். செய்துவிட்டுப் போவோம் என்று ஏறினார்.

முதல் மரம். தன் சிவப்புக் குறியின் மேல் தூரிகையை வைத்தார். பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, அந்தத் தேமல். தூரிகை பட்டபோது இரண்டும் ஒரே நிறமாக இருப்பதைக் கண்டார்.

நகத்தால் சுரண்டினார். சாம்பல் செதில் ஒன்று கழன்றது. உள்ளே சிவப்பு.

அடுத்த மரத்துக்குப் போனார். அங்கேயும் தேமல். சுரண்டினார், சிவப்பு. அதற்கடுத்ததிலும். மூச்சு அடைக்கும் இடத்தில். திரும்பிப் போகத் தோன்றும் இடத்தில். தான் அழுத இடத்தில் எதிரும் புதிருமாக மூன்று.

தான் தேடிப் பிடித்துக் குறி வைத்த மரங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் தனக்கு முன் ஒரு கை இருந்தது. அவர் வைக்காதவற்றில்கூட இருந்தது.

நின்று நின்று போனார். ஒவ்வொன்றாக மூடினார். பழைய திட்டுகளில் தான் சுரண்டிய இடத்தையும் மறக்காமல் மூடினார். மேலே ஏறி முடிந்தபோது நெஞ்சு அடைக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

பின்னேரம் கொட்டிலுக்குத் திரும்பினார். சுகிர்தா நேற்றைய சேற்றைச் சங்கிலியிலிருந்து கழுவிக்கொண்டிருந்தாள். மேசையில் தாள் இல்லை. அவருடைய பை அறைக்கு ஏறும் மாடிப்படியில் இருந்தது.

"நாளைக்குச் சந்திக்குப் போங்கோ" என்றாள். "சிவப்பு ரின்னையும் கொண்டுபோங்கோ."

அவர் தலையாட்டினார். தீர்ந்துபோன சாம்பல் ரின்னைத் தட்டில் வைத்தார். போகவில்லை.

"காட்டுக்குள்ளை நான் எண்பத்திமூண்டு போட்டிருந்தனான்" என்றார்.

அவளுடைய கை நின்றது.

"நான் நூற்றிப்பன்ரெண்டு."