தலைவர் பார்த்த படம்

"எல்லாப் படத்தையும் பார்க்காததுங்க எல்லாம் பேச வந்துடுதுங்க!" என்று கத்தினார் ரசிகர் சங்கத் தலைவர் தண்டபாணி. இயக்குநர் மகிழ்நம்பியின் படங்களைப் பற்றிய விவாதம். பேச எழுந்தவள் துணிக்கடை ஜெசிந்தா.

"நான் பார்க்காத அவர் படம் ஒண்ணு சொல்லும்மா. இல்லைன்னா சங்கத்தை விட்டுக் கிளம்பு."

அவர் சாய்ந்திருந்த சுவரை ஜெசிந்தா பார்த்தாள். "'தொடாதீர்கள்' பார்த்திருக்கீங்களா சார்?"

"மூணு தடவை! தீண்டாமையை அதைவிட ஆழமா யார் எடுத்தா?"

"அது படமில்லை சார், உங்க தலைக்கு மேல தொங்குற அட்டை. பெயிண்ட் இன்னும் காயலை."

திடுக்கிட்டுத் திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் பச்சை. சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் ஜெசிந்தா பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். அவள் பேச ஆரம்பித்தாள்.

"யாராவது கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டு வாங்களேன்..." என்றார் தலைவர்.