கடுகளவு பட்டன்கள்

கோவையில் நூல் மில் மிஷின்களை இயக்கும் சாஃப்ட்வேர் செய்து விற்ற தண்டபாணிக்கு மறுபேச்சே பிடிக்காது. ஒருநாள் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த தமயந்தியைக் கூப்பிட்டார்.

“நம்ம சாஃப்ட்வேருக்குக் கம்ப்யூட்டர்ல இருக்கிற எல்லாப் பட்டனும் அப்படியே செல்போன்ல வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு இங்க வேலை இல்லை.”

“அத்தனையும் வெச்சா அமுக்க முடியாதுங்க சார்.”

“எனக்கே பாடம் எடுக்கறியா? சொன்னதைச் செய்!”

அவளும் ஒன்று விடாமல் வைத்தாள். ஒவ்வொரு பட்டனும் கடுகளவு இருந்தது.

மில் முதலாளி வேலாத்தாளிடம் அதைக் காட்டப் போனார்கள். “இன்னைக்கு எவ்வளவு நூல் ஓடியிருக்குன்னு பாருங்கம்மா” என்று தண்டபாணி தன் தடித்த கட்டைவிரலால் பெருமையாய் அமுக்கினார். நாலைந்து பட்டன்கள் ஒன்றாக அமுங்கின. சங்கு ஊதியது. மிஷின்கள் நின்றன. எல்லோருக்கும் லீவு என்று மெசேஜ் போனது. ஆட்கள் விசிலடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

“என்னடி செஞ்சு வெச்சிருக்கே?” என்று தண்டபாணி அலறினார்.

“சாஃப்ட்வேரை நீங்க சொன்னபடியே சுருக்கிட்டேன் சார். உங்க விரலைச் சுருக்கத்தான் எனக்குத் தெரியலைங்க.”

வேலாத்தாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “முதல்ல போன ஆளுங்களைத் திரும்பக் கூப்பிடுங்க.”

“இதோ, ஒரே அமுக்கு!” என்று தண்டபாணி மறுபடி விரலை நீட்டினார்.

வேலாத்தாள் பதறிப்போய்ச் செல்போனைப் பிடுங்கித் தமயந்தியிடம் கொடுத்தார்.

“நீங்க தள்ளி நில்லுங்க. கண்ணு, நாலு பட்டன் போதும். பெருசா வெச்சுக் கொடு.”