பூக்காரம்மா வரும்வரை

மலைக்கோயில் படிகளில் இருபது வருஷமாகத் தொண்டு செய்பவர் தணிகாசலம். ஐம்பத்தெட்டு வயதில் அவர் மாணவராக உட்கார்ந்தார். பாடம், இதயம் நின்று விழுந்தவருக்கு முதலுதவி. குரு, செவிலியர் ஜெசிந்தா. தணிகாசலத்தின் கடைசி மகளைவிட இரண்டு வயது இளையவர்.

பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை முப்பது எண்ணி அமுக்குவதில் தணிகாசலத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒன்று அரித்தது. கடைசி நாளில் கேட்டுவிட்டார்.

"சிஸ்டர், விழுந்தது பொம்பளையா இருந்தா?"

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துப் பொம்மைக்குச் சுற்றினார்.

"கூப்பிட்டா பதில் இல்ல. மூச்சும் இல்ல. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. ஆரம்பிங்க ஐயா."

அதே பிளாஸ்டிக்தான். கை மட்டும் ஒரு சாண் மேலேயே நின்றது.

"அண்ணனுக்கு வெக்கம்," என்றார் பின்னாலிருந்த தொண்டர் ஒருவர்.

"வெக்கமில்லப்பா. நூறு பேர் பார்ப்பாங்க. நெஞ்சுல கை வெச்சா அவ புருஷன் சும்மா விடுவானா? ஒரு பொம்பளையைக் கூட்டிவந்து செய்யச் சொல்றதுதான் முறை. போன கிருத்திகைக்குக்கூட..."

நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார் ஜெசிந்தா. பார்வை கைக்கடிகாரத்தில் இருந்தது.

"நானூறாம் படியில ஒரு அம்மா விழுந்தாங்க. தண்ணி தெளிச்சோம். துணிச்சலானவங்கன்னு அடிவாரத்துப் பூக்காரம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." அவர் குரல் இறங்கியது. "நாளைக்கு மறுபடி கிருத்திகை. அதே படியிலதான் நான் நிக்கணும். அன்னிக்கு நான் செஞ்சது தப்பா சிஸ்டர்?"

ஜெசிந்தா முந்தானையை இழுத்துப் பொம்மையின் முகத்தை மூடினார்.

"நீங்க கை வைக்காமலேயே நாலு நிமிஷம் ஆச்சு ஐயா. இனி இவங்க பிழைக்கறது கஷ்டம். அன்னிக்கு அந்தம்மாவைக் கீழே தூக்கிட்டு வந்தது யாரு?"

"நாங்கதான். நாலு பேர்."

"நாலு பேரும் ஆம்பளைங்களா?"

"ஆமா."

"எங்கே பிடிச்சுத் தூக்கினீங்க?"

"அக்குள்ல... இடுப்புல..."

"நூறு பேர் பார்த்திருப்பாங்களே. அவங்க புருஷன் என்ன சொன்னார்?"



"கையெடுத்துக் கும்பிட்டார்."

"தூக்கறதுக்குப் பூக்காரம்மா வரட்டும்னு யாரும் சொல்லலையா?"

தணிகாசலம் பொம்மையின் முகத்திலிருந்து சேலையை விலக்கினார். நடுநெஞ்சில் உள்ளங்கையின் அடியை வைத்தார்.