சராசரிக்குக் கீழே யாரும் இல்லாத பள்ளி

2018 ஜூலை 9, திங்கட்கிழமை, காலை 9.40 மணி. தொம்மைக்குளம் புனித பார்த்தலோமேயு உயர்நிலைப் பள்ளியில் அப்போது 212 பிள்ளைகள் இருந்தார்கள். எண்ணியவர் எழுத்தர் சூசைமாணிக்கம். இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் ஒரே விடை வந்ததால் சந்தேகப்பட்டு மூன்றாவது தடவையும் எண்ணினார்.

எண்ண வைத்தது மறைமாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம். அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. ஒவ்வொரு ஆசிரியரும் தம் பங்குக்கு வரும் 19.27 மாணவர்களைத் தனித்தனியே கவனிக்க வேண்டும். எந்த வகுப்பிலும் சராசரிக்குக் கீழே ஒரு மாணவர்கூட இருக்கக் கூடாது. எந்த வகுப்பிலும் வருகை நூறு சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆகஸ்ட் 31-க்குள் புள்ளிவிவரம் இப்படி அமையாத பள்ளிகள், அமைந்த பள்ளியோடு இணைக்கப்படும். தொம்மைக்குளம் இணைக்கப்பட்டால் அதன் எழுத்தர் மேல்கானம் மலைப் பள்ளிக்கு மாற்றப்படுவார்.

கடைசி வரியையும் சூசைமாணிக்கம் மூன்று தடவை படித்தார். மேல்கானத்துக்குப் போக பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். அவருக்கோ பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாலே குமட்டும். அவருடைய கல்யாணத்துக்குக்கூட பெண் வீட்டார்தான் பஸ் ஏறி வந்தார்கள். பள்ளிக்கு எதிரே வீடு கட்டியிருந்தார். வாசற்படியிலிருந்து மேஜைக்கு நாற்பத்தொரு எட்டு. ஐம்பத்திரண்டு வயதில் அவர் வாழ்க்கையில் சேர்த்த சுகம் அந்த நாற்பத்தொரு எட்டுதான்.

பங்குக் குருவும் தலைமை ஆசிரியருமான இன்னாசி சாமி உடனே ஆசிரியர் கூட்டம் போட்டார். ஜெபம் முடிந்ததும் முதல் கட்டளையை எடுத்துக்கொண்டார்கள்.

"பதினொரு ஆசிரியர்கள். ஆளுக்குப் பத்தொன்பது பிள்ளைகள்னு குடுத்தாச்சு. மூணு பேர் மிச்சம்" என்றார் கணக்கு ஆசிரியர் கிளமெண்ட். "அந்த மூணு பேரைப் பதினொரு பேருக்குப் பிரிக்கணும். தலா புள்ளி இருபத்தேழு."

"பிள்ளையை எப்படி சார் வெட்டுறது?" என்றார் உடற்கல்வி ஆசிரியர் சக்கரியாஸ். அவர் இதைக் கேலியாகக் கேட்கவில்லை. யோசித்துத்தான் கேட்டார்.

இன்னாசி சாமி சுவரில் இருந்த பாட அட்டவணையைப் பார்த்தார். "பிள்ளையை வெட்ட வேண்டாம். பீரியடை வெட்டலாம்."

நாற்பது நிமிடப் பீரியடில் புள்ளி இருபத்தேழு என்பது ஏறக்குறையப் பதினொரு நிமிடம். மிச்சமான மூன்று பிள்ளைகளும் பதினொரு நிமிடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று ஓட வேண்டும் என்று முடிவானது. நேரம் தெரிய மணி அடிக்க வேண்டும். பள்ளி மணி விரிசல் விட்டிருந்ததால் கோயில் மணியை அடித்தார்கள்.

தொம்மைக்குளத்தில் கோயில் மணி கேட்டால் ஜனங்கள் கைவேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று மூவேளை ஜெபம் சொல்வார்கள். அன்று முப்பத்திரண்டு தடவை எழுந்து நின்றார்கள். மதியம் ஊரில் ஒரு வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. மாலையில், உலக முடிவு எந்தத் தேதிக்கு என்று கேட்டுக்கொண்டு நாலைந்து பேர் சாமியைப் பார்க்க வந்தார்கள். ஓடிய மூன்று பிள்ளைகளில் ஒருத்திக்குக் கால் சுளுக்கு. ஆனாலும் 19.27 அமைந்துவிட்டது. சூசைமாணிக்கம் அந்தக் கட்டத்தில் டிக் போட்டார்.

இரண்டாவது கட்டளைதான் சிக்கல். பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஜூன் மாதத் தேர்வில் சராசரி நாற்பத்தாறு. இருபது பேர் அதற்குக் கீழே.

"இவ்வளவு பேர் கீழ போறதுக்கு யார் காரணம்னு முதல்ல பாக்கணும்" என்றார் சக்கரியாஸ்.

கிளமெண்ட் தாளைப் புரட்டினார். பிரிஸ்கா என்ற பெண் தொண்ணூற்றொன்று எடுத்திருந்தாள். சராசரியை இழுத்து மேலே கொண்டுபோனது அவள்தான் என்பது தெளிவாயிற்று. கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நீ பாட்டுக்குப் படிச்சிட்டுப் போயிட்டா, உன்னால எத்தனை பேர் சராசரிக்குக் கீழ போறாங்கன்னு யோசிச்சியா?" என்றார் சாமி, கோபமில்லாமல்.

"தெரியாம படிச்சிட்டேன் ஃபாதர்" என்றாள் பிரிஸ்கா.

அவளை மன்னித்தார்கள். ஆனால் மன்னிப்பு சராசரியைக் குறைக்கவில்லை.

அப்போதுதான், மலை வளைவுகளை நினைத்துக்கொண்டிருந்த சூசைமாணிக்கத்துக்கு அந்த யோசனை வந்தது. "சாமி, வகுப்புல கீழ யாரும் இருக்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு. கீழ இருக்கிற இருபது பேரைத் தனி வகுப்பாக்கிட்டா?"

கிளமெண்ட் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார்.

இருபது பேரும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய் 'ஆ' பிரிவு ஆனார்கள். மிஞ்சிய பதினெட்டுப் பேரின் சராசரியை கிளமெண்ட் மறுபடி போட்டார். அறுபத்தொன்று. பத்துப் பேர் அதற்குக் கீழே.

"இந்தப் பத்துப் பேரும் இத்தனை நேரம் மேலதானே இருந்தாங்க?" என்றார் சாமி.

"இருந்தாங்க ஃபாதர். நாம திரும்பி அந்தப் பக்கம் பாத்த நேரத்துல சறுக்கிட்டாங்க."

பத்துப் பேரும் சைக்கிள் ஷெட்டுக்குப் போனார்கள். மிச்சம் எட்டு, சராசரி எழுபது, ஐந்து பேர் கீழே. அவர்கள் மாதா கெபிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மிச்சம் மூன்று, சராசரி எண்பத்து நான்கு, இரண்டு பேர் கீழே. அவர்களும் போனார்கள். கடைசியில் பிரிஸ்கா மட்டும் இருந்தாள். சராசரி தொண்ணூற்றொன்று. அவள் மதிப்பெண்ணும் தொண்ணூற்றொன்று. கீழே யாரும் இல்லை.

"இதுதான் வகுப்பு" என்றார் சாமி நிறைவோடு.

ஆனால் நூலகத்துக்குப் போன இருபது பேருக்கும் ஒரு சராசரி இருந்தது. சைக்கிள் ஷெட்டுப் பத்துப் பேருக்கும் இருந்தது. ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பேர் ஒரு வகுப்பாக மிஞ்சினால் என்ன செய்வது என்று சக்கரியாஸ் கேட்டார். அடுத்த தேர்வில் இருவரில் ஒருவன் சறுக்குவான், இப்போதே பிரித்துவிடுவது பத்திரம் என்றார் கிளமெண்ட். பிரித்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இதே வேலை பதினாறு நாள் நடந்தது. முடிந்தபோது பள்ளியில் 212 வகுப்புகள். வகுப்புக்கு ஒரு பிள்ளை. ஒருவரும் சராசரிக்குக் கீழே இல்லை.

பள்ளியில் அறைகள் பதினான்குதான். மாமரத்தடி, தண்ணீர்த் தொட்டி, கோயிலின் பாடகர் மேடை, மணிக்கூண்டு எல்லாம் வகுப்பாயின. பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வகுப்பு. நடுவில் சாமியே உட்கார்ந்து பாடம் கேட்டார். வலப்பக்கத்துப் பையன், "உலோகங்களின் பண்பு எனக்குத் தெரியாது ஃபாதர்" என்று மெல்லச் சொன்னான். சாமி பழக்கத்தில் மூன்று 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார். பையன் கடைசிவரை உலோகங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்புகளுக்குப் பெயர் வைக்க எழுத்துகள் போதவில்லை. புனிதர்களின் மன்றாட்டு மாலையை எடுத்து வரிசையாக வைத்தார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் சூசைமாணிக்கம் வருகைப் பதிவுக்காக வகுப்புகளை வாசித்தார்.

"புனித செசிலியா."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது அந்த வகுப்பு.

"புனித லாரன்ஸ்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

212 வகுப்புகளும் மன்றாட்டு மாலையின் பதிலையே சொல்லி முழங்காலில் நின்றன. 'உள்ளேன் ஐயா' என்று ஒருவனும் சொல்லாததால் அன்று எல்லாரும் வரவில்லை என்றே பதிவேட்டில் ஏறியது. சூசைமாணிக்கம் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். மூன்றாவது கட்டளை வருகையைப் பற்றியது அல்லவா.

"முன்னெல்லாம் ஒரு பையன் லீவு போட்டா வகுப்புல ரெண்டு மூணு சதவீதம்தான் குறையும். இப்ப ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா வகுப்பு மொத்தமும் பூஜ்யம்" என்றார் அவர்.

"அண்ணாச்சி, பதறாதீங்க" என்றார் சக்கரியாஸ். "வகுப்புல ஒரு ஆள்கூட வரலைன்னா அது என்ன நாள்?"

"என்ன நாள்?"

"விடுமுறை நாள். விடுமுறை நாளுக்கு யாராவது வருகை எடுப்பாங்களா?"

அப்படியே விதி வகுத்தார்கள். பிள்ளை வராத அன்று அந்த வகுப்புக்கு விடுமுறை. வந்த அன்று நூறு சதவீதம். இது தெரிந்ததும் மாமரத்தடியில் இருந்த புனித பிளெய்ஸ் பிரிவு பதினெட்டு நாள் தொடர்ந்து விடுமுறை விட்டுக்கொண்டு குளத்தில் மீன் பிடித்தது. அதன் வருகையும் நூறுதான்.

பதினொரு ஆசிரியர்கள் 212 வகுப்புகளுக்கு ஓட முடியாததால், ஒவ்வொரு பிள்ளையையும் தன் வகுப்புக்குத் தானே தலைவனாக்கினார்கள். அவர்கள் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். மணிக்கூண்டு வகுப்பின் ரெக்ஸ்லின் நேர்மையான பையன். தினமும் தன் பெயரை எழுதித் தானே முட்டி போட்டான்.

ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை, கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் சிஸ்டர் எமரன்சியா வந்தார். சூசைமாணிக்கம் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அவரால் முடிந்தவரை மலைக்குப் போகாமல் இருக்க எல்லாம் செய்தாயிற்று. இனி சிஸ்டரின் பேனாதான் பாக்கி.

சிஸ்டர் முதலில் மணிக்கூண்டில் ஏறினார். சூசைமாணிக்கம் பின்னால் ஏறினார். நாற்பது படி ஏறியதும் அவருக்குத் தலை சுற்றியது.

"இந்த வகுப்புல முதல் ரேங்க் யாரு?" என்றார் சிஸ்டர்.

"நான்தான் சிஸ்டர்" என்றான் ரெக்ஸ்லின்.

"கடைசி ரேங்க்?"

"அதுவும் நான்தான் சிஸ்டர்."

"பக்கத்துல உக்காந்திருக்கிறவனைப் பாத்து எழுதுற பழக்கம் உண்டா?"

"ஆசைதான் சிஸ்டர்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். சராசரிக்குக் கீழே உள்ளவர்கள்: இல்லை. வருகை: நூறு. வகுப்பில் முதலிடம் பெற்றவர்கள்: 212. முந்திய ஆண்டு: ஐந்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். முப்பது வருட ஆய்வில் இப்படி ஒரு முன்னேற்றத்தைப் பார்த்ததில்லை என்று ஓரத்தில் எழுதினார்.

"பள்ளிக்கு எழுத்தர் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"நான் ஒருத்தன்தான் சிஸ்டர்" என்றார் சூசைமாணிக்கம், மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

சிஸ்டர் அதையும் குறித்துக்கொண்டார். இறங்கிப் போய்விட்டார்.

அக்டோபர் கடைசி வாரத்தில் நீளமான உறை ஒன்று வந்தது. மேலே 'எழுத்தர் மாற்றல் ஆணை' என்று இருந்தது. சூசைமாணிக்கம் அதைப் பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் கொடுத்தார். "எலுமிச்சம்பழம் ரெண்டு எடுத்து வை ஜெசிந்தா. வளைவு பதினெட்டு" என்றார்.

ஜெசிந்தா பிரித்துப் படித்தார். "உங்களை மாத்தலையே. வேற யாரையெல்லாமோ மாத்தியிருக்காங்க."

ஆறு வகுப்புக்கு ஓர் எழுத்தர் என்பது கல்வி அலுவலகத்தின் கணக்கு. 212 வகுப்புகளுக்கு முப்பத்தைந்து பேர் வேண்டும். தொம்மைக்குளத்தில் இருப்பது ஒருவர். மறைமாவட்டத்தில் மீதி இருந்தவை முப்பத்து நான்கு பள்ளிகள், பள்ளிக்கு ஓர் எழுத்தர். கணக்கு மிச்சமில்லாமல் முடிந்தது.

நவம்பர் 12 அன்று முப்பத்து நான்கு எழுத்தர்களும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். மேல்கானத்திலிருந்து வந்தவருக்கு மட்டும் சூசைமாணிக்கம் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்தார்; பதினெட்டு வளைவு இறங்கி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. வேலை சரியாகப் பிரிந்தது. ஆளுக்கு ஆறு வகுப்பு, அதாவது ஆறு பிள்ளைகள். இரண்டு பிள்ளைகள் மிஞ்சினார்கள். அவர்களை முப்பத்தைந்து பேருக்கும் எப்படிப் பிரிப்பது என்று கிளமெண்ட் சார் இன்னும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற முப்பத்து நான்கு பள்ளிகளில் எழுத்தர் இல்லாததால் டிசம்பர் மாதப் புள்ளிவிவரம் எங்கிருந்தும் வரவில்லை. கல்வி அலுவலகம் இரண்டு நினைவூட்டல் அனுப்பியது. அவற்றைப் பிரித்துப் பதிவு செய்யவும் அந்தப் பள்ளிகளில் ஆள் இல்லை. வராத புள்ளிவிவரம் அமையாத புள்ளிவிவரம் என்றே கொள்ளப்பட்டது.

2019 ஜனவரி 2, புதன்கிழமை, அந்த முப்பத்து நான்கு பள்ளிகளும் தொம்மைக்குளம் புனித பார்த்தலோமேயு உயர்நிலைப் பள்ளியோடு இணைக்கப்பட்டன. அன்றைய முதல் பீரியடில் அங்கே 9,846 வகுப்புகள் நடந்தன.