இன்றுவரை

தம்மைப் பெரிய மனிதரென்று தாமே மெச்சிக்கொண்ட பரராசசிங்கம் இலண்டனில் மளிகைக்கடை வைத்திருந்தார். கோயில் தலைவராகவும் இருந்தார். அவருடைய காரை ஆறாண்டுகளாகச் சந்தைக்கு ஓட்டியவன் கடைத் தொழிலாளி குகதாசன். காப்புறுதியில் இரண்டாம் ஓட்டுநராக அவன் பெயரும் இருந்தது. விபத்து நேராததால் ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைத்த கழிவோ முதலாளிக்கே போயிற்று.

சொந்தமாக வான் வண்டி வாங்க எண்ணிய குகதாசன், தான் விபத்தின்றி ஓட்டியதாக ஒரு கடிதம் கேட்டான். அதைக் காட்டினால் அவனுக்கும் கழிவு உண்டு. இல்லையேல் வானுக்குக் காப்புறுதி எடுக்கக் கட்டுப்படியாகாது.

“காரும் என்ரை, கழிவும் என்ரை. நீ ஸ்டியரிங் பிடிக்கிற வெறுங்கை,” என்றார் முதலாளி.

ஞாயிறன்று அவரே காரைப் பின்னெடுத்துக் கோயில் மதிலை இடித்தார். மறுநாட்காலை குகதாசனை அழைத்தார்.

“தலைவர் இடிச்சாரெண்டால் சனம் சிரிக்கும். நீதான் இடிச்சனீ எண்டு காப்புறுதிக்கு எழுதித் தா.”

“எழுதுறன் ஐயா. ஆனால் காப்புறுதியிலை என்ரை பேர் சும்மா பேருக்குத்தான், நான் கார் ஓடுறேல்லை எண்டு அவை நினைப்பினம். நான் கேட்ட கடிதத்தை முதல்ல தாங்கோ. இண்டைய திகதியும் போடுங்கோ.”

முதலாளி விறுவிறென்று எழுதினார்: “ஆறாண்டுகளாக, இன்றுவரை, குகதாசன் என் காரை விபத்தேதுமின்றி ஓட்டினான்.” கையெழுத்தும் இட்டார்.

குகதாசன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“இன்றுவரை விபத்தில்லையெண்டால், நேற்று இடிச்சது நானில்லை ஐயா. நீங்களே கையெழுத்து வைச்சிருக்கிறியள்.”

“இனிக் கடைப்பக்கம் வராதை!”

அவன் கார்ச்சாவியை மேசைமேல் வைத்தான்.

“ஆறு வருசம் ஒழுங்கா ஓடினதுக்கு உங்கட பேனை எழும்பேல்லை. ஒரு பொய்க்கெண்டவுடனை எழும்பிச்சுது.”