இரண்டாவது பலகை

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்து நான்கு.

குரு இன்னாசி, சங்ககிரி நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். சீடர் சென்னியப்பன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். முப்பத்து நான்கு வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

ஒரு மலைத்தோட்டக் கம்பெனி கழித்துப் போட்ட கூண்டை அவர் ஏலத்தில் எடுத்து வந்தார். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கிற சின்ன வீடு அது. உள்ளே நின்று கூரையைத் தூக்கினால் நாலு பக்கமும் படுதாச் சுவர் எழும்பும். இறக்கினால் பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும். படுதா கிழிந்திருந்தது, பலகைகள் இற்றுப்போயிருந்தன. உள்ளே எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

"புதுசாக்கணும் மேஸ்திரி. வேலையை நானே செய்யறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"எங்க போறதுக்குங்க சார்?"

"நாசிக்குக்கு."

"அங்க யாருங்க?"

"மக."

பதினோரு வருடத்துக்கு முன் மகள் தேன்மொழி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டில் கை நனைக்க மாட்டேன், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொந்தபந்தங்கள் நடுவே நின்று சென்னியப்பன் சொன்னார். சொந்தபந்தங்கள் அதை எப்போதோ மறந்துவிட்டார்கள். அவர் மறக்கவில்லை. தை மாதம் அவர் மனைவி சாகக் கிடந்தபோது, "எனக்காக ஒரு தடவை போய் அவளையும் பேத்தியையும் பாத்துட்டு வாங்க" என்று கேட்டாள். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டார். இரண்டு வாக்கையும் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கூண்டு. வீம்புக்கும் பாசத்துக்கும் சேர்த்து ஒரே வண்டி.

மூன்று மாதம் வேலை நடந்தது. சீடர் கெட்டிக்காரர். இற்ற பலகையைப் பெயர்த்தார், சட்டத்துக்குத் துரு சுரண்டினார், இடுக்குகளில் பிசின் பூசினார். திட்டினால் வாங்கிக்கொண்டார். ஒருநாள் இன்னாசி அவரை உள்ளே உட்காரவைத்து, கூரைமேல் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றினார்.

"எங்கயாச்சும் ஒழுகுதுங்களா?"

"ஒரு சொட்டு இல்லை!" உள்ளிருந்து வந்த குரலில் அத்தனை சந்தோஷம்.

பிறகு சாமான்கள் வந்தன. ஒரு அடுப்பு, நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு கட்டில். ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் வந்தபோது, கட்டிலுக்கு எதிரே கீல் வைத்த மடக்குப் பலகை ஒன்று புதிதாக மாட்டியிருந்தது.

"இது எதுக்குங்க மேஸ்திரி?"

"உக்கார்றதுக்கு."

"நான் கட்டில்லயே உக்காந்துக்குவேன்."

"மக வந்தா?"

"அவ எதுக்கு உள்ள வர்றா? நான் கீழ இறங்கி நின்னு பேசிக்குவேன்."

"பேத்தி?"

சென்னியப்பன் கூண்டுக்குள் ஏறினார். திருப்புளியை எடுத்து, கற்றுக்கொண்ட ஒழுங்கோடு நாலு திருகாணிகளையும் கழற்றினார். பலகையைக் குருவின் கையில் கொடுத்தார்.

"அந்த எடத்துல இன்னொரு தண்ணி கேன் வைக்கலாம்."

இன்னாசி பலகையைப் பரண்மேல் போட்டார். கேன் ஆடாமல் நிற்க ஒரு வளையம் அடித்துக் கொடுத்தார்.

நாசிக்குக்குக் கிளம்பிப் போன சென்னியப்பன் பன்னிரண்டாம் நாள் திரும்பினார். வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"ஒழுகுச்சுங்களா சார்?"

"வழியெல்லாம் மழை. ஒரு சொட்டு உள்ள வரலை."

"அடுப்பு?"

"நல்லா எரிஞ்சது."

"அப்பறம் ஏனுங்க மொகம் இப்படி இருக்குது?"

சென்னியப்பன் ஒரு டயர்மேல் உட்கார்ந்தார்.

"அவ வீட்டுக்கு எதுத்தாப்பல நிறுத்தினேன். மொத நாள் தட்டுல சோறு கொண்டாந்தா. எல்லாம் வண்டியிலயே இருக்குதுன்னேன். ரெண்டாம் நாள் காப்பி. அதுவும் இருக்குதுன்னேன். மூணாம் நாள் அவ வரலை."

"ம்."

"அன்னைக்குச் சோறு எறங்கலை மேஸ்திரி. நாலாம் நாள் அவளுக்குப் புடிச்ச அரிசியும்பருப்புச் சோறு ஆக்கினேன். அவங்கம்மா பக்குவத்துல. அவ வீட்டு வாசல்ல போய் நின்னு, வா கண்ணு, பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வா, சாப்புடலாம்னு கூப்பிட்டேன்."

"வந்தாங்களா?"

"படிக்கட்டு வரைக்கும் வந்தாங்க. ரெண்டு பேரும் உள்ள எட்டிப் பாத்தாங்க. கட்டிலைப் பாத்தாங்க, தட்டைப் பாத்தாங்க. பாப்பா அந்த ஊர் பாஷையில என்னமோ கேட்டா. எனக்குப் புரியலை. மகளும் சொல்லலை."

"மக என்ன சொன்னாங்க?"

"இருக்கட்டும்ப்பா, எல்லாம் வீட்டுலயே இருக்குதுன்னா. கோவமே இல்லை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

அறுபத்து நாலு வயதில் பட்டறை நடுவே அழுவது வெட்கமாக இருந்தது, ஆனாலும் சென்னியப்பன் அழுதார். பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஆள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் எங்க மேஸ்திரி தப்பு செஞ்சேன்?"

"வேலையில தப்பே இல்லைங்க சார். நீங்க கேட்டபடிதான் இருக்குது."

சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பலகை இருக்குதுங்களா?"

இன்னாசி பரண்மேல் கைவிட்டு அதை எடுத்தார். தூசியைத் தட்டி அவர் மடியில் வைத்தார். கீல் அப்படியே இருந்தது, திருகாணிகளும் ஒரு துணியில் முடிந்து கட்டியிருந்தன.

"இதை இப்ப மாட்டிரலாமா?"

"மாட்டலாங்க சார். நாலு திருகாணிதான். உக்கார ஆளு இருக்குதுங்களா?"