போர்ப்பாட்டைக் கிழித்த தவிட்டுக்குருவி

பறவைகளுக்கு மொழியும் மன்னனும் இருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகளே அரசவைப் பாடகர்கள். போர்ப்பாட்டின் கடைசி அடி முடிந்த பிறகே படை சிறகு விரிக்கலாம் என்பது சமவெளி நாட்டின் மாறா விதி. ஓலையில் எழுதிய அந்தப் பாட்டைப் பாடும் உரிமை சாம்பலி என்னும் பெண்குருவியுடையது.

ஓர் அத்திமரத்துக்காக மலைப் பறவைகளோடு மூண்ட சண்டை மூன்றாண்டாக ஓயவில்லை. சாம்பலி பாடியபோதெல்லாம் படை கம்பீரமாக எழுந்தது, பாதி திரும்பவில்லை. அவளுடைய அண்ணன்மார் இருவரும் அப்படிப் போனவர்களே. நான்காம் முறை முன்வரிசையில் நிறுத்தப்பட்டவன், எஞ்சியிருந்த தம்பி துத்தி.

"அக்கா, இன்றைக்குக் கொஞ்சம் இழுத்துப் பாடு. உடனே கிளம்ப மனம் வரவில்லை," என்றான்.

"வாயை மூடிக்கொண்டு நில்," என்றாள் சாம்பலி.

பருந்து மன்னன் தலையசைத்தான். சாம்பலி ஓலையை விரித்தாள். அலகால் அதை நார்நாராகக் கிழித்தாள். தன்னோடு சேர்ந்து பாடும் உறவினர் அறுவர் முன்னும் துண்டுகளை உதறினாள். "அகப்பட்டதை எல்லாரும் ஒரே நேரத்தில் பாடுங்கள்."

"வாள் பழுத்தது! வேந்தன் வாலே! அத்தி, அத்தி, முரசு தின்போம்!"

ஏழு குரலும் ஏழு பக்கம் ஓடின. படை கடைசி அடிக்குக் காத்து நின்றது, அது வரவேயில்லை. கொக்குத் தளபதி கால் மாற்றி நின்றான். அத்திமரத்துக்கு அப்பால் நின்ற எதிர்ப்படையில் எவனோ சிரித்தான். சிரிப்பு இப்பக்கமும் தொற்றியது.

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்றான் மன்னன்.

"மூன்று முறை இலக்கணம் வழுவாமல் பாடினேன், வேந்தே. அதைக் கேட்டுப் போனவர்கள் எங்கே?"

கடைசி அடி இல்லாமல், விதியை மீறிப் படையை ஏவ மன்னனால் இயலவில்லை. உச்சிவெயில் ஏறியது, பசி வந்தது.

"பழம் மரத்தில்தானே இருக்கிறது? வந்து தின்னுங்கள், அப்புறம் முறைத்துக்கொள்ளலாம்," என்றது மலைநாட்டு இருவாச்சிப் பறவை.

மாலைக்குள் இருபடையும் ஒரே மரத்தில் அமர்ந்திருந்தன.

"நீ பாடியதிலேயே மட்டமான பாட்டு இதுதான், அக்கா," என்றான் துத்தி, வாய் நிறையப் பழத்தோடு.

"பேசாமல் தின்னு," என்ற சாம்பலி, மூன்றாண்டுக்குப் பின் மூச்சை முழுதாக விட்டாள்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் தத்திக்கொண்டு, ஒன்று முடிக்குமுன் மற்றொன்று தொடங்கி, தலையும் வாலும் இல்லாமல் இரைவது அன்று முதல்தான். அதைக் கேட்டு எந்தப் படையும் இன்றுவரை கிளம்பியதில்லை.